பித்தநீரும் பெருங்குடல் புற்றுநோயும்... நைட் ஷிஃப்ட் பார்சலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு!

வல்லக்கோட்டை என்றதும் பக்தர்களுக்கு ஏழடி உயர முருகன்தான் ஞாபகத்துக்கு வருவார். ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்களில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கோ இது கம்பெனி பஸ் வந்து நிற்கிற ஊர். நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு அறை எடுக்கிற ஊர். இந்தத் தொழிற்சாலைகளுக்குத் தென்காசியிலிருந்தும் வருகிறார்கள், திருவண்ணாமலையிலிருந்தும் வருகிறார்கள், ஒடிசா, பீகாரிலிருந்தும் வருகிறார்கள். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகளுடன் ஒரு குடியிருப்பே 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. எத்தனை பேர் வீட்டுச் சாப்பாட்டை விட்டு வந்திருக்கிறார்கள் என்பதற்கு இந்த ஒரு எண்ணிக்கையே போதும்.

ஷிஃப்ட் முடிந்து வருபவருக்கு அறையில் சமைக்க நேரமும் இருக்காது, தெம்பும் இருக்காது. பரோட்டா, சால்னா, எக் ஃப்ரைடு ரைஸ், சிக்கன் பகோடா... கையில் ஒரு பார்சல். எண்ணெயும் மைதாவும் வயிற்றை நிரப்பிவிடும். கீரையோ, பயறோ, பழமோ அந்தப் பொட்டலத்தில் இருக்காது.

அந்தப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்ட சில நிமிடங்களில் உடலுக்குள் ஒரு திரவம் சுரந்து வருகிறது. அதுதான் பித்தநீர். கொழுப்பைச் செரிக்கவைக்கும் நல்ல பிள்ளை. ஆனால், இதே பித்தநீரில் இருக்கும் பித்த அமிலங்கள் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே புற்றுநோய் வளர்வதற்குத் துணைபோகின்றன என்று பல ஆண்டுகளாக விஞ்ஞானிகள் சொல்லிவருகிறார்கள். அது எப்படி, யாருக்கு, என்ன செய்யலாம்? விரிவாகப் பார்ப்போம்.

பித்தம் வேறு, பித்தநீர் வேறு!

காலையில் தலை சுற்றினால் ‘பித்தம்’ என்போம். வாந்தி மஞ்சளாக வந்தாலும் ‘பித்தம்’ என்போம். சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்பது உடலின் தன்மையைச் சொல்லும் ஒரு கணக்கு. நாம் இங்கே பேசப்போவது அதைப் பற்றி அல்ல. கல்லீரல் தினமும் சுரக்கும் பச்சை கலந்த மஞ்சள் நிறத் திரவத்தைப் பற்றி.

ஒரு நாளைக்கு சுமார் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. அதன் ஒரு பகுதி பித்தப்பையில் கெட்டியாகச் சேர்த்துவைக்கப்படுகிறது. நாம் கொழுப்புள்ள உணவைச் சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கி, பித்தநீரைச் சிறுகுடலுக்குள் அனுப்புகிறது.

இந்த நீரில் வேலை செய்யும் சரக்குதான் பித்த அமிலங்கள். கொலஸ்ட்ராலிலிருந்துதான் கல்லீரல் இவற்றைத் தயாரிக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தில் வெறும் தண்ணீர் ஊற்றினால் பிசுக்கு போகாது. சோப்பு போட்டால் போகும் இல்லையா? அந்த சோப்பு வேலையைத்தான் பித்த அமிலங்கள் குடலுக்குள் செய்கின்றன. கொழுப்பைச் சிறு சிறு துளிகளாக உடைத்து, உடல் உறிஞ்சிக்கொள்ளும்படி செய்கின்றன. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேர்வதற்கும் இவை வேண்டும். ஆக, பித்த அமிலம் விஷம் அல்ல. அது இல்லாவிட்டால் நமக்குச் சாப்பாடே செரிக்காது.

கம்பெனி பஸ் கணக்கு

பித்த அமிலத்தை உடல் வீணாக்குவதே இல்லை. உடலில் மொத்தமாக இருப்பதே சுமார் 3 கிராம்தான். அதையே ஒரு நாளைக்குப் பலமுறை சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துகிறது.

கம்பெனி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லீரல்தான் டிப்போ. அங்கிருந்து கிளம்பும் பித்த அமிலங்கள் சிறுகுடலில் இறங்கி வேலை பார்க்கின்றன. வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மறுபடி பஸ் ஏறி, ரத்தம் வழியாகக் கல்லீரலுக்கே திரும்பிவிடுகின்றன. சுமார் 95 சதவிகிதம் இப்படித் திரும்பிவிடும்.

மீதி 5 சதவிகிதம் பஸ்ஸைத் தவறவிட்டுவிடும். அவை நேராகப் பெருங்குடலுக்குள் நுழைகின்றன. சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான்.

ஒரு சுற்றுக்கு 5 சதவிகிதம் என்பது குறைவாகத் தெரியலாம். ஆனால், கொழுப்பு அதிகமாகச் சாப்பிட்டால் பித்தநீரும் அதிகமாகச் சுரக்கும். பஸ் ட்ரிப் கூடக் கூட, தவறவிடுபவர்களின் எண்ணிக்கையும் கூடும் அல்லவா? அப்படி, பெருங்குடலுக்குள் போகும் பித்த அமிலமும் கூடுகிறது.

பெருங்குடலில் என்ன நடக்கிறது?

பெருங்குடல் கோடி கோடியாக பாக்டீரியாக்கள் வாழும் இடம். அவற்றில் பெரும்பாலானவை நமக்கு நல்லது செய்பவை. ஆனால், கிளாஸ்ட்ரிடியம் வகையைச் சேர்ந்த சில பாக்டீரியாக்கள், தங்களிடம் வந்துசேரும் பித்த அமிலத்தின் வேதி அமைப்பையே மாற்றிவிடுகின்றன. கல்லீரல் தயாரித்த கோலிக் அமிலம், டிஆக்ஸிகோலிக் அமிலமாக மாறுகிறது. கீனோடிஆக்ஸிகோலிக் அமிலம், லித்தோகோலிக் அமிலமாக மாறுகிறது. பெயர்கள் ஞாபகம் இருக்க வேண்டியதில்லை. ‘இரண்டாம் நிலை பித்த அமிலங்கள்’ என்று வைத்துக்கொண்டால் போதும்.

இந்த இரண்டாம் நிலை அமிலங்கள் குடலின் உள்தோலோடு ஒத்துப்போவதில்லை. அளவு கூடும்போது செல்லின் மேலுறையை அரிக்கின்றன. டி.என்.ஏ-வைச் சேதப்படுத்தும் வேதிப்பொருள்கள் செல்லுக்குள் உருவாகக் காரணமாகின்றன. சேதமான செல்கள் செத்து உதிர, அந்த இடத்தை நிரப்பப் புது செல்கள் அவசரம் அவசரமாகப் பெருகுகின்றன. வருடக்கணக்கில் இது தொடரும்போது, சாக வேண்டிய சில செல்கள் சாகாமல் தாக்குப்பிடித்துவிடுகின்றன. டி.என்.ஏ-வில் கோளாறு உள்ள அப்படியொரு செல் பெருக ஆரம்பித்தால், முதலில் பாலிப் எனப்படும் சிறு கட்டியாக வளர்கிறது. எல்லா பாலிப்பும் புற்றுநோய் ஆவதில்லை. ஆகிறவை, பெரும்பாலும் பத்தாண்டு அளவுக்கு நேரம் எடுத்துக்கொள்கின்றன.

2019-ல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ரொனால்டு எவான்ஸ் குழுவினர் இன்னொரு வழியையும் கண்டறிந்தார்கள். குடல் செல்களில் எஃப்.எக்ஸ்.ஆர் என்றொரு புரதம் இருக்கிறது. ‘பித்த அமிலம் எவ்வளவு இருக்கிறது’ என்று கண்காணிக்கும் காவலாளி அது. புற்றுநோய்க்கான மரபணுக் கோளாறு உள்ள எலிகளுக்குக் கொழுப்பு உணவைக் கொடுத்தபோது, சில பித்த அமிலங்கள் கூடி, இந்தக் காவலாளியின் வாயை அடைத்துவிட்டன. உடனே குடலின் தண்டுச் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகின. இது எலிகளில் கண்டது. மனிதர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால், சாப்பாட்டுக்கும் கட்டிக்கும் நடுவில் பித்த அமிலம் எப்படிப் பாலம் போடுகிறது என்று இது காட்டுகிறது.

இந்தச் சந்தேகம் எப்போது வந்தது?

1940-லேயே வந்துவிட்டது. டிஆக்ஸிகோலிக் அமிலத்தைச் செலுத்திய எலிகளுக்குக் கட்டிகள் வந்ததை, லண்டனில் குக், கென்னவே தம்பதி ஆகிய மூவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ‘நம் உடலே தயாரிக்கும் ஒரு பொருளிலிருந்து புற்றுநோய் வருமா’ என்ற கேள்வி அப்போது பலருக்கும் அதிர்ச்சியாக இருந்தது.

1971-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர் மைக்கேல் ஹில் குழுவினர் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா ஒரு பக்கம். உகாண்டா, ஜப்பான், இந்தியா மறுபக்கம். இந்த நாட்டு மக்களின் மலத்தை வாங்கிப் பரிசோதித்தார்கள். பெருங்குடல் புற்றுநோய் அதிகமாக இருந்த மேற்கு நாட்டவரின் மலத்தில் பித்த அமிலங்கள் அதிகமாக இருந்தன. நம் நாட்டவரிடம் குறைவு. அதே ஆண்டு, உகாண்டாவில் நெடுங்காலம் பணியாற்றிய டாக்டர் டெனிஸ் பர்கிட், ஆப்பிரிக்கக் கிராமத்து மக்களுக்கு இந்தப் புற்றுநோய் அரிதாக இருப்பதற்கு நார்ச்சத்து உணவே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்.

அமெரிக்காவில் இந்திய வம்சாவளி விஞ்ஞானி பந்தாரு எஸ். ரெட்டி இந்தத் துறையில் முன்னோடியாக இருந்தார். ஜப்பானிய ஆய்வாளர் நரிசாவா குழு 1974-ல் எலிகளில் செய்த ஆய்வும் முக்கியமானது. புற்றுநோயைத் தூண்டும் ஒரு ரசாயனத்தோடு பித்த அமிலத்தையும் கொடுத்தபோது, ரசாயனம் மட்டும் கொடுத்த எலிகளைவிட அதிகக் கட்டிகள் வந்தன. நெருப்பு வைப்பது வேறு, வைத்த நெருப்பை விசிறிவிடுவது வேறு. பித்த அமிலம் பெரும்பாலும் விசிறிவிடும் வேலையைத்தான் செய்கிறது என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

சாப்பாட்டை மாற்றினால் மாறுமா?

மாறும் என்று காட்டிய ஓர் ஆய்வு நடந்த இடத்துக்கும் தமிழர்களுக்கும் பழைய உறவு உண்டு. தென்னாப்பிரிக்காவின் க்வாஸுலு-நட்டால். 1860-ல் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்கள் கப்பலில் போய் இறங்கிய அதே நட்டால்தான்.

அங்குள்ள கிராமப்புறக் கறுப்பின மக்கள் 20 பேர், அமெரிக்காவில் வாழும் கறுப்பின மக்கள் 20 பேர். வெறும் இரண்டு வாரத்துக்கு இவர்களின் சாப்பாட்டை மாற்றிக்கொடுத்தார்கள். அமெரிக்கர்களுக்கு நார்ச்சத்து மிகுந்த, கொழுப்பு குறைந்த ஆப்பிரிக்கக் கிராமத்துச் சாப்பாடு. கிராமத்தினருக்குக் கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த அமெரிக்கச் சாப்பாடு. ஸ்டீபன் ஓ’கீஃப் தலைமையிலான குழு 2015-ல் முடிவை வெளியிட்டது.

அமெரிக்கர்களின் குடலில் இரண்டாம் நிலை பித்த அமிலங்கள் குறைந்தன. குடலுக்கு நல்லது செய்யும் பியூட்ரேட் என்ற பொருள் கூடியது. குடல் தோலின் அழற்சியும் தணிந்தது. கிராமத்தினருக்கு எல்லாமே தலைகீழாக நடந்தது.

இரண்டு வாரத்தில் யாருக்கும் புற்றுநோய் வந்துவிடவும் இல்லை, போய்விடவும் இல்லை. ஆனால், தட்டில் இருப்பது மாறினால் குடலின் சூழல் 14 நாள்களிலேயே மாறுகிறது என்பது உறுதியானது. ஊரிலிருந்து கிளம்பி சிப்காட் பக்கம் அறை எடுத்த ஓர் இளைஞரின் சாப்பாடும் இப்படித்தான் ஒரே வாரத்தில் மாறிவிடுகிறது. இந்த ஆய்வை நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது அதற்காகத்தான்.

நார்ச்சத்து என்ன செய்கிறது?

நான்கு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, பித்த அமிலத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றுகிறது. இரண்டு, மலத்தின் அளவைக் கூட்டுவதால் அமிலம் நீர்த்துப்போகிறது. மூன்று, கழிவு சீக்கிரம் வெளியேறுவதால் குடல் தோலில் அமிலம் படும் நேரம் குறைகிறது. நான்கு, நல்ல பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்ரேட்டைத் தயாரிக்கின்றன. பெருங்குடல் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே இதுதான். இப்படிப் புளிப்பு கூடிய குடலில், பித்த அமிலத்தை மாற்றும் பாக்டீரியாக்களின் வேலையும் மந்தமாகிவிடுகிறது.

ஐரோப்பாவில் 10 நாடுகளைச் சேர்ந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2003-ல் வெளியான ஆய்வில், நார்ச்சத்தை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 25 சதவிகிதம் குறைவாக இருந்தது. அதே நேரத்தில், ஏற்கெனவே பாலிப் அகற்றப்பட்டவர்களுக்கு நார்ச்சத்து உணவு கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், நான்கு ஆண்டுகளில் புது பாலிப்கள் வருவது குறையவில்லை. ஆகவே நார்ச்சத்து மந்திரம் அல்ல. பல வருடம் தொடர வேண்டிய பழக்கம்.

வேலூரும் பழைய சோறும்

நார்ச்சத்தைப் போலவே வேலை செய்யும் இன்னொரு பொருள் நம் வீட்டுப் பானையில் இருக்கிறது. சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதி, சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தாக மாறுகிறது. அது பெருங்குடல் வரை போய், நல்ல பாக்டீரியாக்களுக்குத் தீனியாகிறது.

வேலூர் சி.எம்.சி மருத்துவமனையில் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், செரிக்காத இந்த வகை மாவுச்சத்தை உப்புக்கரைசலில் கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கு சீக்கிரம் கட்டுப்பட்டது. 2000-ம் ஆண்டில் உலகின் முன்னணி மருத்துவ இதழில் வெளியான ஆய்வு அது. பெருங்குடலில் உருவாகும் பியூட்ரேட் போன்ற பொருள்களே அதற்குக் காரணம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியிலும் பழைய சோற்றின் குடல் நலன்கள் பற்றிய ஆய்வு தமிழக அரசின் நிதியுதவியுடன் எடுத்துக்கொள்ளப்பட்டது.

இதை வைத்து, ‘பழைய சோறு சாப்பிட்டால் புற்றுநோய் வராது’ என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்துவிடாதீர்கள். பரம்பரையாகப் பெருங்குடல் புற்றுநோய் வரும் லிஞ்ச் சிண்ட்ரோம் உள்ள 900-க்கும் மேற்பட்டோரிடம், செரிக்காத மாவுச்சத்தைக் கொடுத்து நீண்டகாலம் கவனித்த ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. அவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறையவில்லை. ஆனால் வயிறு, கணையம் போன்ற மற்ற உறுப்புகளில் வரும் புற்றுநோய்கள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தன. பித்த அமிலம் மாறும் விதத்தை இது மாற்றியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். பழைய சோறு நல்ல உணவு. மருந்து அல்ல.

நைட் ஷிஃப்ட் ஒரு காரணமா?

கல்லீரல் பித்த அமிலத்தைத் தயாரிப்பதற்கும் ஒரு கடிகாரம் உண்டு. இரவு, பகல், சாப்பிடும் நேரம் ஆகியவற்றுக்கு ஏற்ப அது கூடும், குறையும். இரவு 2 மணிக்குச் சாப்பிட்டு, காலை 10 மணிக்குத் தூங்கினால் இந்தக் கடிகாரம் குழம்புகிறது.

அமெரிக்காவில் 78,000-க்கும் மேற்பட்ட நர்ஸ்களைக் கவனித்து 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. மாதத்துக்கு மூன்று இரவுகளாவது நைட் ஷிஃப்ட் பார்த்து, அதை 15 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தவர்களுக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 35 சதவிகிதம் அதிகமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப் பணியை ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புள்ளது’ என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. பெருங்குடலைப் பொறுத்தவரை ஆதாரம் குறைவுதான் என்பதையும் அதே முகமை சொல்கிறது.

நைட் ஷிஃப்ட் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நம்மில் பலர் இல்லை. அதனால்தான், நம் கையில் இருக்கும் விஷயமான சாப்பாட்டில் கவனம் வைக்க வேண்டியிருக்கிறது.

தட்டுக் கணக்கு போடுவோம்!

பெரியவர்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, சமைக்காத 100 கிராமில் இருக்கும் நார்ச்சத்து இது:

• மைதா: சுமார் 2.8 கிராம்
• தீட்டிய வெள்ளை அரிசி: சுமார் 2.8 கிராம்
• கேழ்வரகு: சுமார் 11 கிராம்
• கம்பு: சுமார் 11.5 கிராம்
• முழு பச்சைப்பயறு: சுமார் 17 கிராம்
• முழு கொண்டைக்கடலை: சுமார் 25 கிராம்
• கொய்யா: சுமார் 8.5 கிராம்

இரண்டு வேளை சோறு, அதாவது 200 கிராம் அரிசி சாப்பிட்டால் 5.6 கிராம்தான் ஆகிறது. அதோடு ஒரு கொய்யா, 40 கிராம் கொண்டைக்கடலையில் ஒரு கிண்ணம் சுண்டல் சேர்த்துப் பாருங்கள். 24 கிராமைத் தொட்டுவிடும். பொரியலில் கொஞ்சம் அவரைக்காயோ கீரையோ சேர்ந்தால் கணக்கு முடிந்தது. ரைஸ் குக்கர் மட்டும் உள்ள அறையிலும் இது சாத்தியம். இரவே கடலையை ஊறப்போட்டால், காலையில் உப்பு போட்டு வேகவைத்துவிடலாம்.

பரோட்டாவை அடியோடு விட வேண்டியதில்லை. தினமும் என்பதை வாரம் ஒரு நாள் என்று மாற்றலாம். எண்ணெயில் பொரித்த சிக்கனுக்குப் பதில் குழம்பில் போட்ட சிக்கன், டீயோடு வடைக்குப் பதில் வேர்க்கடலையோ வாழைப்பழமோ வாங்கலாம். சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சி தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவிகிதம் கூடுகிறது என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் முகமை சொல்லியிருக்கிறது. மது, உடல் பருமன், உடலுழைப்புக் குறைவு, புகை ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. முழுதானியம், பால் பொருள்கள், உடற்பயிற்சி ஆகியவை பாதுகாக்கும் பக்கம் இருக்கின்றன. அந்த வகையில் தயிரும் மோரும் நம் நண்பர்கள்.

நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தண்ணீரும் கூடுதலாகக் குடியுங்கள்.

உங்களுக்கு வரக்கூடிய சில கேள்விகள்

‘எனக்குப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். பயப்பட வேண்டுமா?’

பித்தப்பை இல்லாவிட்டாலும் கல்லீரல் பித்தநீரைச் சுரக்கும். சேர்த்துவைக்க இடம் இல்லாததால் அது விட்டு விட்டு வராமல் தொடர்ந்து குடலுக்குள் சொட்டும். இவர்களுக்குப் பெருங்குடலின் வலதுபக்கத்தில் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. வேறு சில ஆய்வுகள் அப்படி எதுவும் இல்லை என்கின்றன. வித்தியாசம் இருந்தாலும் அது சிறியதே. இதற்குப் பயந்து, தேவைப்படும் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது.

‘பித்த அமிலத்தைச் சரிசெய்ய மாத்திரை இருக்கிறதா?’

பித்தக்கல்லுக்கும் சில கல்லீரல் நோய்களுக்கும் கொடுக்கப்படும் அர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம் என்ற மாத்திரையை இதற்காகச் சோதித்தார்கள். பாலிப் அகற்றப்பட்ட 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2005-ல் வெளியானது. பாலிப் திரும்ப வருவதை அது குறிப்பிடும்படி தடுக்கவில்லை. கல்லீரல் நாள நோய் ஒன்று உள்ளவர்களுக்கு அதிக டோஸில் கொடுத்தபோது, பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு கூடவே செய்தது. ஆகவே, மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

‘லிவர் கிளீன், குடல் சுத்தம் என்று விற்கும் பொடிகள்?’

பித்த அமிலத்தைக் கட்டுப்படுத்திப் புற்றுநோயைத் தடுப்பதாக நிரூபிக்கப்பட்ட பொடி எதுவும் இல்லை. அந்தக் காசில் ஒரு மாதத்துக்குக் கொய்யா வாங்கலாம்.

‘மூலம்தானே’ என்று விட்டுவிடாதீர்கள்!

இந்தக் கட்டுரையில் வேறெதையும் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

உலக அளவில் 2022-ல் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இந்தியாவில் சுமார் 70,000 பேர். மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் நாம் இன்னும் குறைவான இடத்தில்தான் இருக்கிறோம். ஆனால், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1981 முதல் நடத்திவரும் சென்னைப் பதிவேட்டில் இது கூடிக்கொண்டு வருவது தெரிகிறது. இன்னொரு கவலை, வயது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 800 நோயாளிகளை வைத்து 2017-ல் வெளியான ஆய்வில் சராசரி வயது 47. சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்குகிற வயது.

அந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இருந்த அறிகுறி, மலத்தில் ரத்தம். நம் ஊரில் மலத்தில் ரத்தம் என்றால் உடனே ‘சூடு’, ‘மூலம்’ என்று முடிவு செய்துவிடுவோம். பஸ் ஸ்டாண்ட் சுவரில் ‘மூலம், பௌத்திரம்’ போஸ்டரைப் பார்த்துப் போன் செய்வோம். மெடிக்கலில் களிம்பு வாங்கிப் போடுவோம். கூச்சத்தால் அப்பா அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டோம். விடுதியில் தங்கும் பெண்களுக்குக் கூச்சம் இன்னும் அதிகம். மூலத்திலும் ரத்தம் வரும் என்பது உண்மைதான். ஆனால், அது மூலமா, வேறு ஏதாவதா என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கீழே உள்ளவற்றில் எதுவும் இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்:

• மலத்தில் ரத்தம் அல்லது சளி, கறுத்துப்போன மலம்
• புதிதாக வந்த மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு
• போய்விட்டு வந்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பது போன்ற உணர்வு
• காரணம் இல்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, அசதி
• விடாத வயிற்று வலி

ரத்தம் அதிகமாகப் போனாலோ, மயக்கம் வந்தாலோ வாரக்கணக்கில் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இந்தப் புற்றுநோய் வந்திருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பொதுவாக 40 வயதில், அல்லது அவர்களுக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்யச் சொல்வார்கள். அந்தப் பரிசோதனையிலேயே பாலிப் இருந்தால் எடுத்துவிடவும் முடியும். புற்றுநோயாக மாறும் முன்பே கதையை முடித்துவிடலாம்.

நம் நாட்டில் அரசு நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்றுக்குத்தான். பெருங்குடலுக்கு யாரும் வீடு தேடி வந்து கேட்க மாட்டார்கள். நாம்தான் போக வேண்டும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதி தொழிலாளர்களுக்குச் சில வசதிகள் அருகிலேயே இருக்கின்றன. இ.எஸ்.ஐ அட்டை இருப்பவர்கள் முதலில் தங்களுக்கான டிஸ்பென்சரிக்குப் போய், அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கலாம். காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இ.எஸ்.ஐ இல்லாதவர்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை குடும்பத்தில் இருக்கிறதா என்று ஊருக்குப் போன் செய்து கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

பித்த அமிலம் நம் உடலுக்கு வேண்டிய பொருள். அதைப் பகையாக்குவது பெரும்பாலும் நம் தட்டுதான். அதனால், நாளைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது பையில் ஒரு கொய்யாவையும் ஒரு டப்பா சுண்டலையும் போட்டுக்கொள்ளுங்கள். அறை நண்பர் யாராவது கொஞ்ச நாளாகவே பாத்ரூமில் சிரமப்படுவதாகத் தெரிந்தால், கிண்டல் செய்யாமல் மருத்துவமனைக்குத் துணைக்குப் போங்கள்.